பதினெட்டு இலக்கப் பொய்

மூன்றாம் காவல்நிலையம், நிலவின் பின்பக்கம்
தனிக்காவல், இரண்டாம் நாள். 06:40

பேரறிவிப்பு. இதனால் பூமியில் வாழ்வோர், நிலவில் வாழ்வோர், இரண்டுக்கும் நடுவே வண்டியில் வந்துகொண்டிருப்போர் அனைவருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், இன்று காலை மூன்றாம் காவல்நிலையத்தில் உப்புமா அடிப்பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. பாத்திரச் சேதம் உண்டு. கரண்டியின் நிலை கவலைக்கிடம். செய்தி கேட்டு யாரும் ஓடிவர வேண்டாம். வந்தாலும் உப்புமா இல்லை.

(மேற்படி அறிவிப்பு பொது அலைவரிசையிலும் வாசிக்கப்பட்டது. கைதட்டல் கேட்கவில்லை.)

காற்றழுத்தம் சரி. பேட்டரி 91 விழுக்காடு. ரேடியோ சரி. காவலர் டென்சில் மச்சாடோ, வயது பதினாறு, அழகு சரி.

பிற்காலத்தில் இதைத் தோண்டியெடுத்துப் படிக்கப்போகும் அன்பருக்கு ஒரு விளக்கம். எங்கள் குடியிருப்பில் பதினாறு வயதானால் தனிக்காவல் உண்டு. மூன்று நாள் ஒரு காவல்நிலையத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து ரேடியோவைக் கேட்டு, பதிவு எழுத வேண்டும். உண்மையான ஆபத்து வந்தால் சிவப்பு பட்டனை அழுத்த வேண்டும். இதில் ஒரு சூது இருக்கிறது. நம்மைச் சோதிக்கப் பெரியவர்களே பொய்ச் சமிக்ஞை அனுப்புவார்கள். பொய்யை நம்பி அழுத்தினால் தோல்வி. இன்னும் ஒரு வருடம் உருளைக்கிழங்குக் கூடத்தில் மண் கிளற வேண்டும். போன வருடம் அழுத்தியவன் உடம்பில் இன்னும் கிழங்கு வாசம் போகவில்லை.

என்னை ஏமாற்ற முடியாது. ஏமாற்றுவது என் தொழில். திருடனைப் பிடிக்கத் திருடனைத்தான் காவலுக்கு வைத்திருக்கிறார்கள்.

08:20

08:10க்கு ஒரு எண் வந்தது. பெயர் இல்லை, முகவரி இல்லை, ஒரு வணக்கம்கூட இல்லை.

947368421052631578

வாய்விட்டுப் படித்தால் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கோடி கோடி. பாதியில் மூச்சு முட்டியது.

எண்ணைக் கண்டால் இரண்டாக ஒடித்துக் கூட்டிப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். முதல் ஒன்பது இலக்கம் 947368421. அடுத்த ஒன்பது 052631578. கூட்டினால் 999999999.

தற்செயலாக இப்படி வராது. கல்லும் தூசியும் கதிரியக்கமும் இவ்வளவு நாகரிகமாகப் பேசாது. யாரோ உட்கார்ந்து சீவிச் சிங்காரித்து அனுப்பியிருக்கிறார்கள். ஆக, பொய்.

நடவடிக்கை: இல்லை. நமட்டுச் சிரிப்பு: ஒன்று.

09:10

08:50க்கு இன்னொன்று.

894736842105263157

முதல் எண்ணின் வாலில் இருந்த 8ஐப் பிடுங்கித் தலையில் வைத்தால் இது. அதே பதினெட்டு இலக்கம், அதே வரிசை, ஒரு நகர்வு. இலக்கங்களைக் கூட்டினால் இரண்டுக்குமே 81. இரண்டுமே 81ஆல் வகுபடவும் செய்கின்றன. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்.

சந்தேகப் பட்டியலில் முதல் பெயர் ஜுவைரியா. பக்கத்து நாலாம் நிலையத்தில் அவளுக்கும் இதே தனிக்காவல். என் வயது. கணக்கில் புலி, குறும்பில் எனக்கு அடுத்த இடம். (அவளைக் கேட்டால் வரிசையை மாற்றிச் சொல்வாள்.) கூப்பிட்டேன்.

நான்: "நாலாம் நிலையம், நாலாம் நிலையம். மேதகு ஜுவைரியா அவர்கள் எந்திச்சாச்சா, இல்ல இன்னும் போர்வைக்குள்ளதானா?"

ஜுவைரியா: "என்னலே வேணும்? காலங்காத்தால உசுர எடுக்காத."

நான்: "எண்ணு அனுப்புனது நீதான?"

ஜுவைரியா: "என்ன எண்ணு?"

நான்: "நடிக்காத. பாதிக்குப் பாதி கூட்டுனா ஒன்பதா கொட்டுது. இவ்ளோ அழகா பொய் சொல்ல இந்தப் பக்கத்துல வேற ஆளு கிடையாது."

ஜுவைரியா: "புகழுதியா ஏசுதியான்னே தெரியல. நான் ஒண்ணும் அனுப்பல. போய் உப்புமாவச் சொரண்டு."

உப்புமா விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும்? உளவா? ஐந்து நிமிடம் சுவரெல்லாம் தேடினேன். அப்புறம்தான் காலையில் நானே ஊருக்கு வாசித்தது நினைவு வந்தது.

இரண்டாவது பெயர் அம்மா. இன்று கட்டுப்பாட்டு அறையில் பொறுப்பு அவருடையது. பெற்ற பிள்ளை என்று பார்க்கமாட்டார். பெற்ற பிள்ளை என்பதால்தான் கூடுதலாகப் பார்ப்பார்.

09:45

09:30க்கு 842105263157894736.

இந்த முறை தயாராக இருந்தேன். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 52631578947368421. இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தாலும் அதே 52631578947368421. ஆக நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எண் ஒரே அளவு படி இறங்குகிறது. அந்தப் படியைப் பதினெட்டால் பெருக்கினால் முதல் எண் வருகிறது. பத்தொன்பதால் பெருக்கினால்? வரிசையாகப் பதினெட்டு ஒன்பது. ஒரு இலக்கம்கூடப் பிசகவில்லை.

இப்போது என்னால் அடுத்த எண்ணையே முன்கூட்டிச் சொல்ல முடியும்: 789473684210526315. 10:10க்கு வரும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டென்சில் என்ற பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுங்கள்.

10:15

வந்தது. 789473684210526315.

சும்மா இருக்க முடியுமா? பொது அலைவரிசையைத் திறந்தேன்.

நான்: "அனுப்புற அன்பருக்கு வணக்கம். உங்க குட்டு வெளிப்பட்டுப் போச்சு. அடுத்தது என்னன்னு நானே சொல்லட்டா? ஏழு மூணு ஆறு எட்டு நாலு ரெண்டு ஒண்ணு சுழி அஞ்சு ரெண்டு ஆறு மூணு ஒண்ணு அஞ்சு ஏழு எட்டு ஒன்பது நாலு. பத்து அம்பதுக்கு. தாமதம் பண்ணிராதீங்க, எனக்கு வேற வேலை இருக்கு."

பதில் இல்லை. பொய்க்காரர்கள் பேசமாட்டார்கள், குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

10:55

வந்தது. நான் சொன்னதேதான். பாட்டு மாதிரி இழுத்து அடுத்ததையும் வாசித்தேன். "இன்னும் பதிமூணு படிதான் இருக்கு அன்பரே! அப்புறம் என்ன செய்வீங்க? சரக்கு தீந்துரும்ல?"

என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

11:50

மிக முக்கியமான பதிவு. பொடி எழுத்தில் அச்சிட வேண்டாம்.

11:30க்கு 684210526315789473. எதிர்பார்த்ததே. ஆனால் ஒரு கேள்வி அரித்தது. அனுப்புவது ஆளா, அம்மா முடுக்கிவிட்டுப் போன இயந்திரமா? இயந்திரம் என்றால் தேர்வு. ஆள் என்றால் ஜுவைரியா. பொறி வைத்தேன்.

நான்: "அன்பரே, நீங்க நெசமாவே ஆளுன்னா, அடுத்த எண்ண நேரத்துக்கு முன்னாடி அனுப்புங்க பாப்போம். இப்பவே. ஒண்ணே ஒண்ணு."

அடுத்த எண் 12:10க்குத்தான் வர வேண்டும். 11:41க்கு வந்தது. 631578947368421052.

நாற்காலியிலிருந்து துள்ளினேன். நிலவு ஆனதால் கூரையில் இடித்துக்கொண்டேன். ஆள்தான்! காது கேட்கிற, ரோஷம் வருகிற, கையும் களவுமாக மாட்டுகிற ஆள்!

நான்: "மாட்டிக்கிட்டியா! ஜுவைரியாதான நீ? ஆமான்னா ஒண்ணு அனுப்பு."

எதுவும் வரவில்லை. ஒரு நிமிடம். இரண்டு.

நான்: "சரி, ஜுவைரியா இல்லன்னா ஒண்ணு அனுப்பு."

11:46. 578947368421052631.

இப்படி மறுப்பது அவள் மட்டும்தான். குற்றவாளிக்குத்தான் மறுக்க இவ்வளவு அவசரம். வழக்கு முடிந்தது. தீர்ப்பைச் சொல்ல நாலாம் நிலையத்தை அழைக்கப்போகிறேன்.

12:04

வழக்கு முடியவில்லை.

நாலாம் நிலையத்தை அழைத்தேன். ஜுவைரியா தன் தொட்டியின் குழாயடைப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் தண்ணீர்ச் சத்தம், இரண்டு கையிலும் ஸ்பேனர் என்று சத்தியம். அவள் இல்லை.

பிறகு நான் அமைதியாக உட்கார்ந்து என் மூளையைப் பயன்படுத்தினேன். எங்கள் ரேடியோ இலக்கங்களை மட்டும்தான் பதியும். புள்ளி, கோடு எல்லாவற்றையும் இரைச்சல் என்று துடைத்துவிடும். முன்னால் நிற்கும் சுழியையும் விழுங்கிவிடும். ஆக, வந்தது முழு எண்ணே இல்லையோ? நான் முன்னால் ஒரு புள்ளியை வைத்துப் பார்த்தேன். இந்த யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது.

0.947368421052631578. பத்தொன்பதில் பதினெட்டு.
0.894736842105263157. பத்தொன்பதில் பதினேழு.
கடைசியாக வந்தது பத்தொன்பதில் பதினொன்று.

சுழற்சி, ஒன்பதுகள், 81 எல்லாம் பத்தொன்பதால் வகுத்தால் தானாக விழுகிற அலங்காரம். யாரும் சிங்காரிக்கவில்லை. ஏதோ ஒரு முட்டாள் கருவி, இருப்பதை மொத்தத்தால் வகுத்து அனுப்புகிறது. அவ்வளவுதான்.

பத்தொன்பது என்றால் எதில் பத்தொன்பது?

என் படுக்கைக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் கட்டு நிற்கிறது. உருளைகளை நெருக்கிக் கட்டினால் நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு. கூட்டினேன். பத்தொன்பது. என் சிலிண்டர் கட்டுக்கு அதற்கும் வெளியே இன்னொரு சுற்று உண்டு. பழைய சின்னக் கட்டுகளில் இருக்காது.

எங்கோ ஒரு சிலிண்டர் கட்டு தீர்ந்துகொண்டிருக்கிறது. நாற்பது நிமிடத்துக்கு ஒன்று. சிலிண்டர் தானாகத் தீராது. யாரோ மூச்சு விடுகிறார்கள்.

11:41க்கு நான் கேட்டதற்காக, மூச்சுக்கு ஓடிக்கொண்டிருந்த சிலிண்டரை வெறும் வெளியில் திறந்துவிட்டார்கள். 11:46க்கு இன்னொன்றை. "நான் ஜுவைரியா இல்லை" என்று சொல்வதற்காக.

கட்டுப்பாட்டு அறையை அழைத்தேன். அப்படியே எழுதுகிறேன்.

அம்மா: "கட்டுப்பாட்டு அறை. சொல்லு மூணாம் நிலையம்."

நான்: "அம்மா, இது தேர்வா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

அம்மா: "தனிக்காவல்ல இருக்கவன்ட்ட அத சொல்லக்கூடாதுன்னு உனக்குத் தெரியும்லா."

நான்: "யாரோ காத்து இல்லாம மாட்டியிருக்காங்கம்மா."

அம்மா: "டென்சிலு. போன மாசம் தண்ணித் தொட்டியில சுறா கெடக்குன்னு சொன்னவன் நீ. அத நம்பி ரெண்டு பேரு ஈட்டியோட நின்னானுவ. பட்டன அழுத்துனா வண்டி கெளம்பும், ஆளு கெளம்பும். வெளாட்டுன்னா இப்பவே சொல்லிரு. நான் ஏசமாட்டேன்."

நான்: "வெளாட்டு இல்லம்மா."

அம்மா: "அப்ப என்ட்ட என்னத்துக்குக் கேக்க? பட்டன் உன் கையிலதான இருக்கு?"

அழுத்தினேன்.

12:55

அழுத்தியதும் அம்மாவின் குரல் மாறியது. அழுத்திய பிறகு பேசத் தடை இல்லை.

அம்மா: "இது தேர்வு இல்ல. நாங்க எதுவும் அனுப்பல. குருவம்மா நேத்து சாயங்காலம் சாமான் வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்புனா. சூரியப் புயல் எச்சரிக்கை வந்ததும் மேற்குக் குடியிருப்புக்குத் திரும்பியிருப்பான்னு நெனச்சோம். மேற்குல கேட்டா, அவ இங்க இருக்கான்னு நெனச்சானுவளாம். ரெண்டு எடத்துலயும் இல்ல."

குருவம்மா அக்காவை எல்லோருக்கும் தெரியும். கோவில்பட்டிக்காரர். எங்கள் நிலையங்களுக்கு மாவும் திருகாணியும் மாற்றுத்துணியும் கொண்டுவரும் ஒரே ஓட்டுநர். போகும்போது ஏசுவார், வரும்போது ஏசுவார், நடுவே கடலைமிட்டாய் தருவார்.

என் ஆன்டெனாத் தட்டைத் திருப்பி எண் வரும் திசையைச் சொன்னேன். ஜுவைரியா தன் தட்டைத் திருப்பித் தன் திசையைச் சொன்னாள். இரண்டு கோடும் வெட்டும் இடம் புது வரைபடத்தில் வெறும் பள்ளம். பழைய வரைபடத்தில் அங்கே ஒரு புயல் அறை. முதலில் வந்தவர்கள் கதிரியக்கத்துக்கு ஒதுங்கக் கட்டியது. புயலில் வண்டி செத்து அக்கா அங்கே ஒதுங்கியிருக்க வேண்டும். அங்கே ரேடியோ கேட்கும். பேசும் பாகம் செத்து வருடக்கணக்காகிறது. காற்றளவுக் கருவி மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆக, அக்கா காலையிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றையும்.

கணக்கு: 12:26க்கு 526315789473684210. பத்தொன்பதில் பத்து. நாற்பது நிமிடம் வீதம் 19:06 வரை காற்று. குடியிருப்பிலிருந்து மீட்பு வண்டி போக எட்டு மணி நேரம். போதாது.

ஜுவைரியா: "என் வண்டியில ஆறு சிலிண்டர் ஏத்திட்டேன். பள்ளத்துக்குக் குறுக்க போனா ஆறேகால் மணி நேரம்."

அம்மா: "நிலையத்த விட்டு எறங்குனா உன் தனிக்காவல் போச்சு, தெரியும்ல?"

ஜுவைரியா: "தெரியும் மாமி. கெழங்கு எனக்குப் புடிக்கும்."

12:40க்குக் கிளம்பிவிட்டாள். 18:55க்குச் சேரலாம். பத்து நிமிடம் மிச்சம். நான் கேட்டு வாங்கிய இரண்டு சிலிண்டரும் இருந்திருந்தால் ஒன்றேகால் மணி நேரம் மிச்சம்.

என்னிடம் வண்டி இல்லை. என்னிடம் இருப்பது வாய்.

13:30

அம்மா: "குருவம்மாகிட்ட பேசிக்கிட்டே இரு. தூங்கிரக்கூடாது. பதறவும் கூடாது. பேச உனக்குச் சொல்லியா குடுக்கணும்?"

சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, சொல்லப்போவதை முதலில் பதிவேட்டின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்.

நான்: "அக்கா. நான் டென்சில். ஜெசிந்தா மகன். பதில் எதுவும் அனுப்ப வேண்டாம். தயவுசெஞ்சு எதையும் தொறக்க வேண்டாம். மெதுவா மூச்சு விடுங்க. ஜுவைரியா வந்துக்கிட்டு இருக்கா. நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க கேட்டா மட்டும் போதும்."

பேசினேன். உப்புமாவை எப்படிச் சுரண்டினேன் என்று சொன்னேன். எந்தப் பாத்திரத்தை எங்கே ஒளித்துவைத்தேன் என்று சொன்னேன். எண்ணை மட்டும் சொல்லவில்லை. 13:06க்கு வந்ததை மனதுக்குள் படித்தேன்.

14:40

பத்தொன்பதில் ஏழு.

ஒன்று எழுதியே ஆக வேண்டும். இப்போதும் மூளையின் ஒரு மூலையில் ஒருவன் உட்கார்ந்து கேட்கிறான்: அம்மா, ஜுவைரியா, குருவம்மா அக்கா மூன்று பேரும் சேர்ந்து நடத்தும் பெரிய தேர்வாக இருந்தால்? பழைய வரைபடம், திசை, சிலிண்டர் எல்லாம் ஏற்பாடாக இருந்தால்? எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பார், கச்சிதமாக இருப்பதெல்லாம் பொய்தானே?

அவன் வாயை அடைக்க முடியவில்லை. பொய்யாகவே இருந்துவிடட்டும் என்று இன்னொரு மூலை வேண்டிக்கொள்கிறது. பொய்யென்றால் யாரும் மூச்சுத் திணறவில்லை. ஒரு வருடம் கிழங்கு கிளறலாம். இரண்டு வருடம் கிளறலாம்.

16:30

பத்தொன்பதில் நாலு. 210526315789473684.

குரல் கம்மிவிட்டது. வெந்நீர் குடித்தேன். ஜுவைரியா பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் புதைந்து இருபது நிமிடம் மண் தள்ளினாள்.

ஜுவைரியா: "அக்காகிட்ட இத சொல்லாத."

நான்: "பொது அலைவரிசையில பேசுத. கேட்டுருச்சு."

ஜுவைரியா: "சவத்த... அக்கா, சும்மா சொன்னேன். வண்டி பறக்குது."

அந்த இருபது நிமிடம் எங்களிடம் இல்லை. மிச்சம் பத்துதான் இருந்தது.

17:09

17:06 தாண்டிவிட்டது. எண் வரவில்லை.

17:11

இல்லை.

நேரத்துக்கு வந்தபோது ஏசினேன். முன்னால் வந்தபோது துள்ளினேன். பின்னால் போவதற்கு என்ன அர்த்தம்? காற்று செலவாகவில்லை என்றால் யார் செலவழிக்கவில்லை?

17:12 அக்கா என்று கத்தினேன் எழுதக்கூடாது கத்தினேன்

17:14

17:13க்கு வந்தது. 157894736842105263. மூன்று.

மெதுவாக மூச்சு விடச் சொன்னேன் அல்லவா. விடுகிறார். ஏழு நிமிடம் மிச்சம் பிடித்திருக்கிறார். சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரே ஆள்.

17:55

இரண்டு. பேச்சு தீர்ந்துவிட்டது. கதை இல்லை. ஜோக் இல்லை. பெருக்கல் வாய்ப்பாடு சொல்கிறேன். பத்தொன்பதாம் வாய்ப்பாட்டைத் தவிர்த்துவிட்டேன்.

18:34

52631578947368421

பதினேழு இலக்கம். முன்னால் இருந்த சுழியை எங்கள் ரேடியோ விழுங்கிவிட்டது. காலையில் நான் கழித்துக் கண்டுபிடித்துக் கொண்டாடிய அதே எண். பத்தொன்பதில் ஒன்று.

19:13 வரை. புதைந்து இழந்த நேரத்தில் பாதியை ஜுவைரியா விரட்டி ஓட்டியே மீட்டிருந்தாள்.

ஜுவைரியா: "கூரை தெரியுது. ஒரு வெளக்கு எரியுது. மங்கலா இருக்கு, ஆனா எரியுது."

19:04

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து பூட்டியிருக்கிறது. தட்டுகிறாள். நான் இங்கிருந்து "அக்கா கதவு, அக்கா கதவு" என்று

19:08

உள்ளேயிருந்து இழுக்கும் சத்தம் கேட்கிறதாம்

19:12

368421052631578947

மூன்று முறை வகுத்தேன். பத்தொன்பதில் ஏழு. ஒன்றோடு ஆறு.

காலையிலிருந்து இறங்கி மட்டுமே வந்த எண் ஏறியிருக்கிறது. மேசைக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் இங்கே வந்தேன் என்று தெரியவில்லை.

20:05

ஜுவைரியாவின் ரேடியோவில் அக்கா பேசினார். குரல் தகரத்தில் உரசுவது போல இருந்தது.

குருவம்மா: "எங்க, அந்தப் பயலக் கூப்புடு."

நான்: "அக்கா."

குருவம்மா: "நீதானாய்யா? காலையில எண்ணி எண்ணிச் சிரிச்சியே, அப்ப எனக்குப் பயமே இல்ல. எவனோ ஒரு கோட்டிப்பய நம்மள வச்சு வெளாடுதான், ஆளு பக்கத்துலதான் இருக்கான், வெளாண்டு முடிச்சிட்டு வருவான்னு இருந்தேன். ரெண்டு சிலிண்டரப் புடுங்கிவிடும்போதுகூட உன்ன நல்லா ஏசிக்கிட்டேதான் விட்டேன். மத்தியானத்துக்கு மேல திடீர்னு மருவாதியா 'அக்கா'ன்னு பேச ஆரம்பிச்ச பாரு... அப்பத்தான்யா தெரிஞ்சுது, சாகப் போறோம்னு."

அவர் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

குருவம்மா: "இனி என்ட்ட மருவாதியா பேசாத."

20:50

கடைசிப் பதிவு.

அம்மா: "தேர்வுக்குழு உன்ன தேறிட்டான்னு சொல்லிட்டாங்க. ஜுவைரியாவுக்கும் விலக்கு குடுக்காங்க. நாளைக்குப் பொது அலைவரிசையில உன் பதிவ வாசிக்கப் போறாங்களாம். எண்ணோட புதிர ஒடச்ச பையன், உடனே பட்டன அழுத்துன பையன்னு."

வாசிப்பதற்கு முன் இரண்டு திருத்தம்.

முதலாவது, 12:04 பதிவில் நான் அமைதியாக உட்கார்ந்து மூளையைப் பயன்படுத்தியதாக எழுதியிருப்பது. அந்தப் புள்ளியை வைத்தது ஜுவைரியா. குழாயடைப்பை எடுத்துக்கொண்டே, எண்ணைக் காதால் மட்டும் கேட்டு, "ஏன்லே பெருக்கிட்டே கெடக்க? முன்னாடி ஒரு புள்ளியப் போட்டு வகுத்துப் பாரு" என்று அரை நிமிடத்தில் சொன்னாள். நான் அதற்கும் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று சந்தேகப்பட்டேன். சிலிண்டர் கட்டை எண்ணியது மட்டும் நான். பத்தொன்பது வரை எண்ணத் தெரியும்.

இரண்டாவது, அதே பதிவில் அம்மாவின் கடைசிக் கேள்விக்கு அடுத்த வரியாக "அழுத்தினேன்" என்று இருக்கிறது. இரண்டு வரிக்கும் நடுவே இருபத்திரண்டு நிமிடம் இருக்கிறது. விரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு, 11:46இலிருந்து நாற்பது நிமிடம் எண்ணி, அடுத்த எண் சரியாக 12:26க்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வராவிட்டால் பொய் என்று தெரிந்துவிடும், கிழங்கிலிருந்து தப்பிக்கலாம். உள்ளே ஒருவர் மூச்சு விடுகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இருந்தேன். எண் வந்த பிறகுதான் அழுத்தினேன். 12:04 என்று தலைப்புப் போட்டது என் கை.

இதை நானாகவே முன்வந்து சொன்னேன் என்று யாரும் பாராட்ட வேண்டாம். அந்தப் பட்டனுக்குள் தனியாக ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று அம்மா இப்போதுதான் சொன்னார்.